வைரஸ் மருந்தை ஏன் சாயங்காலம் அடிக்க வேண்டும்? உடைக்கும் வெயிலும் ஒட்டவைக்கும் வெயிலும்

குளத்தூர், விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசல் புஞ்சைகளில் கொண்டைக்கடலை பூவெடுத்துப் பிஞ்சு பிடிக்கும் மார்கழி, தை மாதங்களில் திரும்பத் திரும்ப எழும் புகார் ஒன்று உண்டு. ‘என்.பி.வி. வைரஸ் வாங்கி அடித்தேன், புழு சாகவில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர் அதே கடையில் அதே பாட்டிலை வாங்கி அடித்தார். அவருக்கு மட்டும் ஐந்தாறு நாளில் புழுக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன.’ விசாரித்துப் பார்த்தால் முதலாமவர் ஆள் கிடைத்த நேரமாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு அடித்திருப்பார். இரண்டாமவர் மாலை ஐந்து மணிக்கு. பாட்டிலும் ஒன்று, புழுவும் ஒன்று. நடுவில் வந்து நின்றது வெயில்.

‘மாலை வேளையில் தெளிக்கவும்’ என்று பாட்டிலில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் காரணம் எழுதியிருப்பதில்லை. காரணம் தெரியாத விதியை யாரும் மதிப்பதில்லை. நல்ல நேரம், ராகு காலம் பார்ப்பதைப்போல இதுவும் ஒரு சம்பிரதாயம் என்று சம்சாரிகள் எடுத்துக்கொள்கிறார்கள். விளைவு, மருந்து வீணாவது மட்டுமல்ல. ‘உயிர் மருந்தெல்லாம் கேட்காது’ என்ற முடிவுக்கு வந்து, அடுத்த வாரமே கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் கடுமையான ரசாயனத்துக்குப் போய்விடுகிறார்கள். கொண்டைக்கடலையில் ஒரு பச்சைக் காய்ப்புழு தன் ஆயுளில் 30 முதல் 40 காய்களை நாசம் செய்யக்கூடியது. ஒரே மழையை நம்பி ஒரே வெள்ளாமை எடுக்கும் மானாவாரியில் இந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ள அடுத்த பட்டம் கிடையாது.

அதனால் வெயில் அந்த வைரஸை என்ன செய்கிறது, அதே வெயிலில் நாள் முழுக்க நிற்கும் கடலைச் செடியை ஏன் எதுவும் செய்வதில்லை என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. விஷயம் டி.என்.ஏ. வரை போகிறது.

கரிசல் வெயிலின் கணக்கு

குளத்தூர் ஏறக்குறைய 9 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று சித்திரை பிறப்பை ஒட்டி, இன்னொன்று ஆவணி நடுவில். குளிர் மாதம் என்று நாம் நினைக்கும் மார்கழியில்கூட நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கிறது. பனி விழுகிறது, காற்று சில்லென்று இருக்கிறது என்பதால் வெயிலின் வீரியம் குறைந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கு அப்பால் இருப்பது புற ஊதாக் கதிர். அதில் மிகக் கொடிய பகுதியை ஓசோன் படலம் முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. அடுத்த பகுதியான ‘புற ஊதா பி’ கதிரில் கொஞ்சம் தரைக்கு வந்து சேர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ஓசோன் படலம் இயல்பாகவே சற்று மெலிவானது. சூரியனும் செங்குத்தாக நிற்பதால் கதிர் கடந்து வரும் காற்றுமண்டலத்தின் தூரமும் குறைவு. ஆகவே நமக்கு வரும் பங்கு அதிகம்.

இந்தக் கதிர் உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் பட்டால் நடப்பது இதுதான். டி.என்.ஏ.வை ஒரு நீண்ட ஏணி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படியும் இரண்டு பாதிகளால் ஆனது. இடப்பக்கப் பாதி வலப்பக்கப் பாதியின் கையைப் பிடித்திருக்கிறது. இந்தப் பாதிகளில் ஒரு வகைக்குத் தைமின் என்று பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு தைமின்கள் அடுத்தடுத்து இருந்து, அங்கே புற ஊதாக் கதிர் விழுந்தால், அவை எதிர்ப்பக்கத்தை விட்டுவிட்டு ஒன்றோடொன்று கை கோத்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஏணி அந்த இடத்தில் கோணிப்போகிறது. உயிரணு பெருகவேண்டுமானால் இந்த ஏணியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படித்து நகல் எடுக்கவேண்டும். படித்துக்கொண்டு வரும் நொதி முடிச்சுக்கு வந்ததும், உழவில் கொழு வேரில் மாட்டிக்கொண்டதைப்போல நின்றுவிடுகிறது. நகல் இல்லை என்றால் பெருக்கம் இல்லை. முடிச்சுகள் கூடினால் உயிரும் இல்லை.

ஜன்னல் ஓரத்தில் பிழைத்த நுண்ணுயிர்

சேதத்தைச் செய்யும் வெயிலே அதைச் சரிசெய்யவும் உதவுகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் 1940களின் இறுதியில் ‘ஸ்டிரெப்டோமைசிஸ் கிரிசியஸ்’ என்ற மண் நுண்ணுயிர்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, புதிய வகைகளை உண்டாக்க முயன்றுகொண்டிருந்தார். ஸ்டிரெப்டோமைசின் மருந்தைத் தந்த இனம் அது. முதல் மழை விழுந்ததும் கரிசலில் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளை உண்டாக்குவதும் அந்தக் குடும்பம்தான்.

கெல்னருக்குத் தொல்லை கொடுத்தது, ஒரே அளவு கதிர் கொடுத்தும் ஒரு நாள் நுண்ணுயிர்கள் சாவதும் இன்னொரு நாள் பிழைப்பதுமாக இருந்ததுதான். முதலில் வெப்பநிலைதான் காரணம் என்று நினைத்துப் பல சோதனைகள் செய்தார். கடைசியில் தெரிந்தது, ஜன்னல் வழியே வெளிச்சம் பட்டவை பிழைத்தன, இருட்டில் வைத்தவை செத்தன. 1949-ல் இதை வெளியிட்டார். அதே ஆண்டு இண்டியானாவில் ரெனாட்டோ டல்பெக்கோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிலும் இதே விந்தையைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் குழல் விளக்குக்கு அருகில், மேலே இருந்தவற்றில் மட்டும் வைரஸ் உயிர்பெற்றிருந்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வைரஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளவில்லை. அது புகுந்த பாக்டீரியாவின் சரக்கைக் கடன் வாங்கியே சரியானது. நம் என்.பி.வி. கதைக்கு இது பின்னால் உதவும்.

வெளிச்சத்தில் வேலை செய்யும் அந்தச் சரக்கு ஒரு நொதி என்று 1950களின் இறுதியில் நிரூபித்தவர் கிளாட் ரூபர்ட். அவரிடம் பின்னர் மாணவராகச் சேர்ந்தவர் அஜீஸ் சஞ்சார். துருக்கியில் சவுர் என்ற சிற்றூரில் 1946-ல், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்து, மருத்துவம் படித்து, சொந்த ஊரில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, இந்த ஒரு நொதிக்காக அமெரிக்கா போனவர். டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

நொதியின் பெயர் ஃபோட்டோலயேஸ். ‘ஒளியால் அவிழ்ப்பது’ என்று பொருள் கொள்ளலாம். இது டி.என்.ஏ. நெடுகத் தடவிக்கொண்டு போய், கோணலான இடத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இருட்டிலும் இதைச் செய்யும். ஆனால் முடிச்சை அவிழ்க்க அதற்கு நீல ஒளியோ, நீலத்தை ஒட்டிய ஊதா ஒளியோ வேண்டும். நொதிக்குள் இரண்டு துணைப்பொருட்கள் இருக்கின்றன. ஒன்று ஆன்டெனா மாதிரி ஒளியைப் பிடித்துக் கொடுப்பது. பல உயிர்களில் அது முருங்கைக் கீரையில் நிறைய இருக்கும் ஃபோலேட் வகையைச் சேர்ந்தது. மற்றொன்று வைட்டமின் பி2-விலிருந்து உருவானது. ஒளி பட்டதும் இந்த இரண்டாவது பொருள் ஓர் எலெக்ட்ரானை முடிச்சுக்குள் தள்ளுகிறது. முடிச்சு அவிழ்கிறது. தைமின்கள் பழைய நிலைக்கு வருகின்றன. எலெக்ட்ரான் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு நொடியை 100 கோடிப் பங்கு போட்டால் அதில் சில பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். எதையும் வெட்டவில்லை, புதிதாக எதையும் சேர்க்கவில்லை. கொடுத்த எலெக்ட்ரான்கூடக் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. கடன் கொடுத்து வாங்குவதில் இவ்வளவு நாணயத்தை ஊரில் பார்ப்பது அரிது.

யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை

பாக்டீரியாக்கள், பூஞ்சாணங்கள், செடிகொடிகள், பூச்சிகள், மீன்கள், தவளைகள், பறவைகள் என்று பெரும்பாலான உயிர்க் கூட்டங்களில் இந்த நொதி உண்டு. வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் கங்காருவிடமும் உண்டு. ஆனால் மாடு, ஆடு, எலி, மனிதன் ஆகியோரிடம் இல்லை. நமக்கு இருப்பது வேறு முறை. முடிச்சு விழுந்த இடத்தைச் சுற்றிச் சுமார் 30 எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒட்டுப்போடும் முறை அது. வேலை நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும், பல நொதிகள் சேர வேண்டும். அஜீஸ் சஞ்சாருக்கு நோபல் கிடைத்ததும் இந்த வெட்டி ஒட்டும் முறையை விளக்கியதற்குத்தான். களை எடுக்கும்போது தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை என்பது வெறும் வியர்வைக்காக மட்டும் அல்ல.

செடிக்கு ஓடி ஒளிய இடமில்லை. உணவுக்காக வெயிலில் நின்றே ஆகவேண்டும். அதனால் மேல்தோலில் புற ஊதாவை உறிஞ்சும் நிறமிகளை வைத்திருக்கிறது. அதையும் மீறி வரும் சேதத்தைப் பகல் முழுக்க ஃபோட்டோலயேஸ் அவிழ்த்துக்கொண்டே இருக்கிறது. உடைப்பும் ஒட்டலும் ஒரே வெயிலில், ஒரே இலையில், ஒரே நேரத்தில் நடக்கிறது.

இந்த நொதியில் சின்னக் குறை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நெல் ரகம் சாட்சி. ஜப்பானில் தொகோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நெல் ரகங்களைப் புற ஊதா பி கதிரில் வளர்த்துப் பார்த்தார்கள். ஜப்பானின் சசனிஷிகி தாக்குப்பிடித்தது. நோரின் 1 தடுமாறியது. இந்தியாவிலிருந்து போன ‘சூர்ஜமுகி’ என்ற ரகம் மிகவும் துவண்டது. காரணத்தைத் தேடியபோது, மூன்றுக்கும் ஃபோட்டோலயேஸ் இருந்தது. ஆனால் நோரினில் 126-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. சூர்ஜமுகியில் அதோடு 296-ஆவது இடத்திலும் ஒன்று மாறியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். சூரியனைப் பார்த்த முகம் என்று பெயர் வைத்த ரகத்துக்கே இந்தக் கதி. இதை வைத்து அந்த ரகம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. வயலில் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேறு நூறு குணங்கள் இருக்கின்றன. ஆனால் புது ரகம் உருவாக்குகிறவர்கள் பார்க்கவேண்டிய குணங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று என்பது தெளிவாகிறது.

இலையில் தூங்கும் வைரஸ்

இனி என்.பி.வி.க்கு வருவோம். பச்சைக் காய்ப்புழுவுக்கான வைரஸ் வேறு, புரோடீனியா புழுவுக்கான வைரஸ் வேறு. ஒன்று மற்றதைக் கொல்லாது. ஆகவே பாட்டிலை வாங்கும்போதே எந்தப் புழுவுக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். வைரஸ் துகள்கள் புரதத்தால் ஆன சிறு கூடுகளுக்குள் அடைந்து கிடக்கின்றன. ஒரு ‘எல்.இ.’ என்பது 600 கோடிக் கூடுகள். எக்டருக்கு 500 எல்.இ., அதாவது ஏக்கருக்கு 200 எல்.இ. என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. புழு இலையோடு சேர்த்துக் கூட்டைத் தின்ன வேண்டும். புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே கூடு கரைந்து, வைரஸ் வெளியேறி, குடல் செல்களில் புகுந்து பெருகும். நான்கு முதல் ஏழு நாளில் புழு செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும்.

தின்னப்படும்வரை அந்த வைரஸ் இலைமேல் கிடக்கும் ஒரு தூசு. அதனிடம் ஃபோட்டோலயேஸ் இல்லை. டல்பெக்கோவின் வைரஸுக்குக் கிடைத்ததைப்போலக் கடன் வாங்க ஒரு வீடும் இல்லை. புரதக் கூடு மழையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காக்கும். ஆனால் புற ஊதாக் கதிர் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கக்கூடிய வைரஸ், வெயில் படும் இலையின் மேற்பரப்பில் ஓரிரு நாளிலேயே தன் வீரியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. முடிச்சுமேல் முடிச்சு விழுகிறது, அவிழ்க்க ஆளில்லை.

இயற்கையிலேயே இந்தக் குறையைச் சரிசெய்துகொண்ட வைரஸ்களும் உண்டு. காவடிப்புழு என்று நாம் அழைக்கும் வகையைச் சேர்ந்த சில புழுக்களைத் தாக்கும் என்.பி.வி.க்களில் ஃபோட்டோலயேஸ் மரபணுவே இருப்பதை நெதர்லாந்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் பருத்திக்கும் கொண்டைக்கடலைக்கும் தேவைப்படும் காய்ப்புழு வைரஸுக்கு அந்த யோகம் இல்லை.

ஆகவே சம்சாரி செய்யக்கூடியது, வைரஸுக்கும் புழுவுக்கும் நடுவில் வெயில் வராமல் பார்த்துக்கொள்வதுதான். மாலையில் அடித்தால் இருட்டும்வரை விழும் கதிரும் குறைவு, பிறகு விடியும்வரை சுமார் 12 மணி நேரம் வைரஸ் முழு வீரியத்தோடு இலையில் கிடக்கும். புழுவும் இராத்திரியில் மேய்கிறது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வேண்டிய அளவு அதன் வயிற்றுக்குள் போயிருக்கும். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. தன் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் ஆள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது. நிழல் ஆளைப்போல இரண்டு பங்கு நீளமானபிறகு தெளிப்பானைத் தோளில் ஏற்றலாம்.

புழு சிறிதாக இருக்கும்போதே அடிப்பது முக்கியம். விரல் நீளத்துக்கு வளர்ந்த புழுவுக்கு வைரஸ் அதிகம் வேண்டும், அதற்கு நோய் வந்து சாவதற்குள் அது காயைத் தின்று முடித்துவிடும். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கியதும் செடியைப் புரட்டி முட்டையும் இளம்புழுவும் தேட ஆரம்பிக்க வேண்டும். இலையின் அடிப்புறம் நனையும்படி கைத்தெளிப்பானின் நாசிலைக் கீழிருந்து மேலாகப் பிடிப்பது நல்லது. அடிப்புறத்தில் ஒட்டிய வைரஸுக்கு இலையே குடை.

ஏக்கருக்கு 1 கிலோ வெல்லம் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பதற்கு இரண்டு காரணங்கள். புழு ருசித்துத் தின்னும், இலையில் ஒட்டும் கரும்பழுப்புப் படலம் கதிரையும் கொஞ்சம் தடுக்கும். கோவையில் எஸ். ஜெயராஜ், ஆர்.ஜே. ரபீந்திரா ஆகியோர் 1980களில் கொண்டைக்கடலையில் இந்தத் துணைப்பொருட்களைச் சோதித்து வெளியிட்ட முடிவுகள்தான் இன்றைய பரிந்துரைகளுக்கு அடிப்படைகளில் ஒன்று. துணிக்கு வெண்மை கூட்டும் டினோபால் வகைப் பொடியை லிட்டருக்கு 1 கிராம் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான். அந்தப் பொடியின் தொழிலே புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாக வெளியே விடுவது. சட்டை பளீரென்று தெரிவது அதனால்தான். ஆனால் வெண்மை கூட்டும் பொடியும் சலவை சோப்புப் பொடியும் ஒன்றல்ல. சோப்புப் பொடியிலும் சலவைச் சோடாவிலும் காரம் அதிகம். புழுவின் குடலில் கரைய வேண்டிய கூடு டேங்கிலேயே கரைந்துவிடும். சில இடங்களில் இதுவும் நடக்கிறது.

பூஞ்சாணங்களின் கதை வேறு

மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த 2018-க்குப் பிறகு மெட்டாரைசியம், பவேரியா என்ற பூஞ்சாணங்களின் பெயர் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. வேரழுகலுக்கும் வாடலுக்கும் விதைநேர்த்தி செய்யும் ட்ரைக்கோடெர்மா அதற்கு முன்பே பழக்கம். இவற்றிடம் ஃபோட்டோலயேஸ் உண்டு. ட்ரைக்கோடெர்மாவில் நீல ஒளி பட்டதும் அந்த நொதிக்கான மரபணு விழித்துக்கொள்வதை இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால்தான் அது பச்சை நிற வித்துகளையும் நிறைய உண்டாக்கும். இருட்டு மண்ணை விட்டு வெளியே வந்துவிட்டோம், இனி வெயில் அடிக்கும் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது போலும்.

அப்படியானால் இவற்றைப் பகலில் அடிக்கலாமா? கூடாது. பாக்கெட்டில் இருப்பது காய்ந்த வித்து. அது உறக்கத்தில் இருக்கிறது. ஈரம் கிடைத்து முளைக்கத் தொடங்கினால்தான் பழுதுபார்க்கும் வேலை சுறுசுறுப்பாகும். முளைக்க இரவின் ஈரம் வேண்டும். உச்சி வெயிலில் இலையில் விழுந்த வித்துக்குச் சேதம் வேகமாகவும் பழுதுபார்ப்பு மந்தமாகவும் நடக்கும். மாலையில் அடித்தால் இரவுப் பனியில் முளைவிட்டு, புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மக்காச்சோளத்தில் குருத்துக்குள் ஊற்றினாற்போல அடிக்கச் சொல்வது, புழு அங்கே இருப்பதால் மட்டுமல்ல, குருத்துக்குள் நிழலும் ஈரமும் இருப்பதாலும்தான்.

மாலை வெயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. சூரியன் சாயச் சாயப் புற ஊதா பி வேகமாகக் குறைந்துவிடும். நீல ஒளி அவ்வளவு வேகமாகக் குறையாது. அதாவது சாயங்காலத்தில் உடைக்கும் வெயில் போய்விட்டு, ஒட்டவைக்கும் வெயில் மிச்சமிருக்கிறது. நொதி உள்ள உயிர்களுக்கு இது லாபம்.

இந்தப் பூஞ்சாணங்களை இன்னும் வெயில் தாங்கவைக்க முடியுமா என்று பார்த்தவர்கள் எங்கே போய் நொதி தேடினார்கள் என்பது இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போகிறவர்கள் உப்பளப் பாத்திகளில் உப்பு விளையும் முன் நீர் ரோஜா நிறமாவதைப் பார்த்திருப்பார்கள். அந்த நிறத்துக்குக் காரணம் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள். நிழலே இல்லாத இடத்தில், நாள் முழுக்க வெயிலில், உப்புக்கரைசலில் பிழைப்பவை. அவற்றின் பழுதுபார்க்கும் திறன் அபாரமானது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஹாலோபாக்டீரியம் என்ற உயிரின் ஃபோட்டோலயேஸ் மரபணுவை அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மெட்டாரைசியத்திலும் பவேரியாவிலும் சேர்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, வெயிலில் அவற்றின் பிழைப்பு 30 மடங்குக்கு மேல் கூடியது. அது ஆய்வகத்துச் சரக்கு, மரபணு மாற்றப்பட்டது. கடையில் யாராவது ‘வெயில் தாங்கும் மெட்டாரைசியம்’ என்று அதைச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

எதிரியிடமும் அதே நொதி

ஃபோட்டோலயேஸ் நண்பனுக்கு மட்டும் சொந்தமல்ல. உளுந்தில் பனிக் காலத்தில் மாவு தூவினாற்போல வரும் சாம்பல் நோய்ப் பூஞ்சாணத்திடமும் இருக்கிறது. அது இலையின் வெளிப்புறத்திலேயே படர்ந்து வாழ்வது. எனவே வெயிலைச் சமாளிக்க அதற்கு இந்த நொதி அவசியம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் நார்வே நாட்டவரும் இதையே அதன் பலவீனமாக மாற்றிவிட்டார்கள். ஸ்ட்ராபெர்ரி, திராட்சைத் தோட்டங்களில் புற ஊதா விளக்குகள் பொருத்திய வண்டியை நள்ளிரவில் ஓட்டுகிறார்கள். பகலில் அதே அளவு கதிர் கொடுத்தால் பூஞ்சாணம் நீல ஒளியின் தயவில் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டு பிழைத்துவிடும். இரவில் கொடுத்தால் அவிழ்க்க ஒளி இல்லை. விடிவதற்குள் சில மணி நேர இருட்டு கிடைத்தாலே அதன் கதை முடிந்துவிடுகிறது. பகலில் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த கதிரே போதும் என்பதால் செடிக்கும் சேதமில்லை. மானாவாரி உளுந்துக்கு இது கட்டுப்படியாகும் முறை அல்ல. பசுமைக்குடிலில் வெள்ளரி, குடைமிளகாய் போடுகிறவர்கள் கவனித்து வரலாம். இந்த விளக்கு மனிதத் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும் என்பதால், தானாக வாங்கி மாட்டிச் சோதித்துப் பார்க்கும் சமாசாரம் அல்ல இது.

கோடை உழவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடை உழவில் வெயில் பட்டு நோய்க் கிருமிகள் சாகின்றன என்று சொல்லும்போது பலர் புற ஊதாக் கதிரை நினைக்கிறார்கள். அந்தக் கதிர் மண்ணில் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. கட்டியின் நிழலில் இருக்கும் கிருமிக்கு அது தெரியவே தெரியாது. கோடை உழவில் வேலை செய்வது சூடும், காய்ச்சலும், வெளியே வந்த கூட்டுப்புழுவைப் பொறுக்கும் கொக்கும் மைனாவும்தான்.

சம்சாரிகள் அடிக்கடி கேட்பவை

காலை ஆறு மணிக்கு வெயில் இல்லையே, அப்போது அடித்தால் என்ன?

அடிக்கும் நேரத்தில் வெயில் இல்லைதான். ஆனால் அடித்து முடித்த இரண்டு மணி நேரத்தில் வெயில் ஏறி, பகல் முழுக்க வைரஸ் காய வேண்டியிருக்கும். புழு நன்றாக மேயும் இரவு வருவதற்குள் பெரும்பங்கு வீணாகிவிடும். வேறு வழியே இல்லாதபோது காலை, உச்சி வெயிலைவிடத் தேவலை.

மேகமூட்டமான நாளில் பகலில் அடிக்கலாமா?

மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும் அளவுக்குப் புற ஊதாவைக் குறைக்காது. கார்த்திகையில் வானம் கருத்து நிழலே விழாத நாளாக இருந்தால் பிற்பகலிலேயே தொடங்கலாம். ஆனால் அன்றைக்கு மழை வருமா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

வேப்பங்கொட்டைச் சாற்றுக்கும் இதே விதிதானா?

மாலையில் அடிக்க வேண்டும் என்பது அதே. காரணம் வேறு. அதில் உயிரும் இல்லை, டி.என்.ஏ. சேதமும் இல்லை. அசாடிராக்டின் என்ற பொருள் வெயிலில் சிதைந்துபோகிறது.

ரைசோபிய விதைநேர்த்தி செய்த விதையை நிழலில் உலர்த்தச் சொல்வதும் புற ஊதாவுக்காகவா?

அது ஒரு காரணம். சூடும், சட்டென்று காய்ந்துபோவதும் மற்ற இரண்டு காரணங்கள். அரைமணி நேர நிழல் உலர்த்தல் மூன்றையும் தவிர்க்கிறது. பாக்கெட்டையும் பாட்டிலையும் வாங்கிய கையோடு மோட்டார் சைக்கிள் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் சுற்றினால், அங்கே கெடுப்பது கதிரைவிடச் சூடுதான். மஞ்சள்பையில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து, வீட்டில் பானைத் தண்ணீருக்கு அருகில் வைக்கலாம்.

புற ஊதா விளக்கில் சுத்தம் செய்த குடிநீரை வெளியில் வைக்கலாமா?

வெளிச்சம் ஊடுருவும் கேனில், வெயில் படும் திண்ணையில் வைக்க வேண்டாம். விளக்கொளியில் முடங்கிய பாக்டீரியாக்களில் ஒரு பகுதி, ஃபோட்டோலயேஸின் உதவியால் மீண்டும் எழுந்துகொள்ளும். ஈகோலை உட்படப் பல குடல் கிருமிகளிடம் இந்த நொதி இருக்கிறது. எவர்சில்வர் பானையிலோ மண்பானையிலோ ஊற்றி மூடி, வீட்டுக்குள் வைத்து அன்றன்றைக்குப் பயன்படுத்திவிட வேண்டும்.